மெசினுக்கு வைத்த பரீட்சை

“ஏனுங்க சார், அந்த மெசினுக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு இப்பவே உங்க முன்னாடி காட்டிப் போட்டா, அந்தக் கம்பெனியை நிறுத்திருவீங்களா?” என்று கேட்டாள் வெண்ணிலா.

தலைச்சோலை எஸ்டேட்டின் முதலாளி ராஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். ஆள் வருகை, காப்பி மூட்டை, லாரி லோடு எல்லாமே சேலத்துக் கம்பெனி ஒன்றின் சாஃப்ட்வேரில்தான் ஓடுகிறது. வருஷ ஒப்பந்தம் இன்றோடு முடிகிறது. அதைத் தினமும் கையாளுகிறவள், எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டரான வெண்ணிலாதான். அவள் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு உண்டு.

“மாதேஷை அனுப்பிட்டாங்கங்கற கோவத்துல பேசாதம்மா.”

“கோவந்தானுங்க. இல்லீன்னு நான் சொல்லலீங்களே.”

கோபம் வராமல் என்ன செய்யும்? அவள் புருஷன் மாதேஷ் பதினோரு வருஷம் அந்தக் கம்பெனியில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் உதவி செய்தவன். போனில் சரியாகாவிட்டால் மழையோ பனியோ, பைக்கை எடுத்துக்கொண்டு எஸ்டேட் எஸ்டேட்டாகப் போய் நின்றவன். போன வருஷம் மும்பை முதலீட்டு நிறுவனம் ஒன்று அந்தக் கம்பெனியை வாங்கியது. அவர்களுக்குச் சாஃப்ட்வேரும் ஒன்றுதான், சோப்புக்கட்டியும் ஒன்றுதான். வாங்குவது, ஆளைக் குறைப்பது, லாபத்தை ஏற்றிக் காட்டுவது, நாலு வருஷத்தில் இன்னொருத்தன் தலையில் கட்டுவது. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் முதல் வேலையாக நிழல் மரத்தை வெட்டி விற்பானே, அந்தக் கதைதான்.

இதில் பெரிய அக்கிரமம் வேறு. நாலு மாசம் மாதேஷையும் கூட இருந்தவர்களையும் உட்கார வைத்து, தெரிந்ததையெல்லாம் ஒன்று விடாமல் எழுதி வாங்கினார்கள். அதை ஏஐ மெசினுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். ஐந்தாம் மாசம் முப்பது பேருக்கும் ‘போய் வாருங்கள்’ என்று ஒரு மெயில் வந்தது. இப்போது அவன் சேலத்தில் ஏதோ ஜவுளிக் குடோனில் இருக்கிறான். என்ன வேலை என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. வாய் திறக்கிற மாதிரியா மனுஷனை வைத்திருக்கிறார்கள்?

“சரி, போனைப் போடு. பார்த்தரலாம்,” என்றார் ராஜேந்திரன்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் தேனாக வந்தது. “வணக்கம். நான் யாழினி. உங்கள் ஏஐ உதவியாளர்.”

“தலைச்சோலை எஸ்டேட்டு. ஆராயி பேர்ல ரெண்டு நாள் வருகை ஏறல. எடுத்துப் போடு.”

“உங்கள் எஸ்டேட்டில் மூன்று ஆராயி இருக்கிறார்கள். வாழவந்தியிலிருந்து வருகிறவரா?”

வெண்ணிலா பல்லைக் கடித்தாள். போன மாசத்து லாரி லோடை வேண்டுமென்றே மாற்றிச் சொன்னாள். குரல் பொறுமையாகத் திருத்தியது. கணக்கைக் கம்ப்யூட்டரில் பாதி ஏற்றும்போது கரண்ட் போனால் பதிவு காணாமல் போகிறதே என்றாள். அதற்கும் வழி சொன்னது.

“பரவால்லையே, நொம்ப வெவரமா இருக்குதே,” என்றார் ராஜேந்திரன்.

அவ்வளவுதான், வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வெவரம் யாரோடதுங்க சார்? அத்தனையும் எங்கூட்டுக்காரர் தலையில இருந்து உறிஞ்சுனது.” போனை வாயருகே இழுத்தாள். “ஏ மெசினு, நல்லாக் கேட்டுக்க. மாதேஷ்னு ஒருத்தர் இருந்தாரு. கண்ணாலம் ஆன மறுநாளே உங்க கம்பெனியில கூப்புட்டாங்கன்னு, மாலை வாடறதுக்குள்ள பைக்கை எடுத்துட்டுப் போனவரு. அவரு பேச்சைத் திருடிக்கிட்டு அவரையே வெளிய தள்ளுனீங்களே, இது அடுக்குமா? அந்த மனுசன் இப்பல்லாம் சோத்துல கை வெச்சுட்டு அப்படியே உட்கார்ந்துக்கறாரு. அவரு அப்படி உட்கார்ந்திருந்தா எனக்கும் ஒரு வாய் இறங்க மாட்டீங்குது. அதுக்கு என்ன பதில் வெச்சிருக்கறே? சொல்லு.”

பதில் இல்லை. சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள் கால் சுற்று சுற்றியது. ஏதோ கரகரத்தது. பிறகு இணைப்பே அறுந்துபோனது.

“பார்த்தீங்களா சார். எழுதிக் குடுக்காத கேள்வி, அதுதான் முழிக்குது,” என்றாள் வெண்ணிலா.

ராஜேந்திரன் சிரித்துவிட்டார். அங்கேயே, அவள் எதிரிலேயே கம்பெனிக்கு மெயில் தட்டினார்: ‘உங்கள் ஏஐ பாதியில் ஊமையாகிவிட்டது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை.’

வெண்ணிலாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. போகிற வழியில் கோழி வாங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்தாள். மிளகை நுணுக்கிப் போடும்போதே வாசலில் பைக் சத்தம் கேட்டது. தினமும் இருட்டின பிறகு வருகிறவன், இன்று வெயில் இருக்கும்போதே வந்துவிட்டான்.

“நேரத்துலயே வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு,” என்று கரண்டியோடு ஓடி வந்தாள். “உங்களை வெளிய தள்ளுச்சே அந்த மெசினு, இன்னிக்கு அதை ஒழிச்சுக் கட்டிட்டேனுங்க.”

மாதேஷ் படியிலேயே உட்கார்ந்தான். சிரிக்கத்தான் பார்த்தான், வரவில்லை.

“குடோன் வேலையெல்லாம் பொய் புள்ள. மெசினு வாய்க்கு வந்ததை உளறுச்சு. கம்பெனியை அடுத்தவனுக்கு விக்கிற வரைக்கும் அது வெளிய தெரியக் கூடாதுன்னு, எங்கள்ல எட்டுப் பேரைப் பாதிச் சம்பளத்துக்குத் திரும்பக் கூப்புட்டாங்க. ஊட்டுலகூடச் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கிட்டு, நாங்க பேசறதைப் பொம்பளைக் குரலா மாத்தி உட்டாங்க,” என்றான். “இன்னிக்கு அந்த வேலையும் போச்சு. நீ எனக்காகச் சண்டை போட்டியா, மெசினுக்குத் தொண்டை அடைச்சுக்கிச்சு.”