பழைய சீட்டுக்குக் கீழே

பாலக்கரை மாதா கோயிலின் நடுப்பகல் மணி அடித்து ஓய்கிறது. கல்லூரியின் உலர்தாவரக் காப்பகத்து ஜன்னல் வெயில், மேஜைமேல் விரித்த தாளில் ஒட்டியிருக்கும் புல்லின்மேல் விழுகிறது. ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்து மணல்திட்டில் ஐம்பது வருடத்துக்கு முன் பறித்தது. நிறம் போய்விட்டது, கதிர் உதிரவில்லை. காவிரிக் கரைப் புற்களை முதன்முதலில் வகைபிரித்த பிலோமினா அதைப் புது இனம் என்று அறிவித்து, தன் அம்மா அக்னஸின் பெயரை வைத்தார். இல்லை, ஏற்கெனவே பெயருள்ள இனம்தான் என்று போன மாதம் மரபணுச் சோதனை சொல்லிவிட்டது. இங்கே தாளில் ஒட்டிய பழைய பெயர்ச்சீட்டைக் கிழிப்பதில்லை. திருத்தத்தை அதன் கீழே ஒட்டுவார்கள். "நாங்களே எழுதி ஒட்டிடறோம் மேடம்," என்கிறார் காப்பகப் பொறுப்பாளர் ஜாஸ்லின். "பேர் வச்சது நான்தானேம்மா," என்கிறார் மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பிலோமினா. எண்பது வயதுக் கை சரியான பெயரை எழுதுகிறது, தேதி போடுகிறது, கையெழுத்திடுகிறது. பசை காயும்வரை பிலோமினா அம்மாவின் பெயருக்குக் கீழே விரலை அழுத்தி வைத்திருக்கிறார். பிறகு கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொள்கிறார். "நான் பேர் வச்ச மத்த பதினோரு தாளையும் எடுத்துட்டு வாங்க ஜாஸ்லின். அதையும் சோதிச்சுப் பாத்துடுவோம்."