கம்பளி போர்த்திய பாட்டில்கள்

கடைசி பாட்டிலும் வெடித்தபோது நிலவறையில் நின்ற எல்லோரும் தலையைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

லுபோர் மட்டும் நின்றுகொண்டிருந்தார்.

அந்த அடுக்குமாடியின் நிலவறையில் வீட்டுக்கு ஒன்றாக மரச்சட்டம் அடித்த தடுப்புகள் உண்டு. லுபோரின் தடுப்பிலிருந்து பீர் வழிந்து, பக்கத்துத் தடுப்பில் வாவ்ரா குளிர்காலத்துக்கென்று வாங்கி வைத்திருந்த உருளைக்கிழங்கு மூட்டையை நனைத்துவிட்டது.

வாவ்ரா குடியிருப்போர் சங்கத் தலைவர். கோபம் வந்தால் ஊரையே கூட்டிவிடுவார். கூட்டிவிட்டார்.

"ஏன்யா லுபோர், தெருமுனையில தண்ணியைவிட மலிவா பீர் ஊத்துறான். பீர் ஆறா ஓடுற இந்த ஓஸ்த்ராவாவுல பொறந்துட்டு பிளாஸ்டிக் வாளியில பீர் காய்ச்சுறியே, வெக்கமா இல்லை?"

கூட்டம் சிரித்தது. லுபோரும் சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது?

தள்ளுபடியில் வாங்கிய பெட்டி அது. ஒரு வாளி, முளைகட்டிய பார்லியில் எடுத்த மால்ட் பாகு ஒரு டப்பா, ஒரு பொட்டலம் ஈஸ்ட், கை நிறைய பாட்டில் மூடிகள். முதன்முதலாகக் காய்ச்சுகிறவர்களுக்கானது. கரைத்துப் புளிக்க வைத்து, பாட்டிலில் ஊற்றும்போது ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சர்க்கரைக் கட்டியைப் போட்டு இறுக மூட வேண்டும். நுரை கட்டுவது அந்தக் கட்டியால்தான். கூடிப்போனால் பாட்டில் தாங்காது.

"அப்படி எத்தனை கட்டிய்யா போட்டுத் தொலைச்சே?"

"எண்ணிக்கை தப்பிப்போச்சு. என் தப்புதான்."

வாவ்ரா துடைப்பக் கட்டையால் ஈரக் கம்பளி ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இதைப் பாருங்க எல்லாரும். கம்பளி வேற போர்த்தி வச்சிருக்கார். பீருக்குக் குளிருமாம்!"

மறுபடி சிரிப்பு. இந்த முறை லுபோர் சிரிக்கவில்லை. வாவ்ராவின் இன்னொரு கையில் கைபேசி இருந்ததை அப்போதுதான் பார்த்தார். ப்ராக்கில் இருக்கும் லுபோரின் மகள் ரேனாத்தாவை அந்த மனிதர் கூப்பிட்டே விட்டிருந்தார்.



போன மாதம் லுபோரின் மனைவி மிலாதா கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமல் கடைக்குப் போனபோதும் ரேனாத்தாவிடம் சொன்னது இதே வாவ்ராதான். இன்னொரு முறை இப்படி ஏதாவது நடந்தால் அம்மாவை மறதி நோயாளிகளுக்கான இல்லத்தில் சேர்த்துவிடுவேன் என்று அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள். இடம்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். மகள் கெட்டவள் இல்லை. பயந்துபோயிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அப்பா, உண்மையைச் சொல்லு," கைபேசியில் அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது. "அம்மா ஏதாவது பண்ணிட்டாளா?"

"அவ கிட்டயே வரலைம்மா. எல்லாம் நான்தான்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. மிலாதா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

சிரித்த கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. முப்பது வருஷம் மருந்துக்கடையில் தராசு பிடித்தவள். அவள் பொட்டலம் கட்டினால் குன்றிமணி அளவுகூடக் கூடாது, குறையாது. இப்போது சில நாட்களில் எதிர்வீட்டுக்காரர் பெயரே அவளுக்கு வருவதில்லை.

அவள் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தாள். காற்றை மோந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்தாள்.

"பாட்டிலுக்கு ஒரு கட்டி. பெட்டி மேலயே பெருசா போட்டிருக்கு. அதைக்கூட எண்ணத் தெரியாதாய்யா உனக்கு? பாருங்க வாவ்ரா, இந்த ஆளை நம்பித்தான் நாற்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன்!"

நிலவறையே அதிர்ந்தது. வாவ்ரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"கேட்டியாம்மா ரேனாத்தா? உங்கம்மா தெளிவாத்தான் இருக்காங்க. கழண்டது உங்கப்பாவுக்குத்தான்!"

மறுமுனையில் அவளும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று! பேச்சு முடிந்தது. உருளைக்கிழங்கைக்கூட மறந்துவிட்டு வாவ்ரா படியேறினார். ஒவ்வொருவராகப் போனார்கள்.

லுபோருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறைப்பதற்காகக் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார்.

பீரைப் பாட்டிலில் ஊற்றிய அன்று சமையலறையில் சர்க்கரைக் கட்டி போட்டவள் மிலாதாதான். ஏதோ பழைய பாட்டைப் பாடிக்கொண்டே ஒரு சுற்று போட்டாள். முடித்ததும் முதல் பாட்டிலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். லுபோர் வாயைத் திறந்தார். அன்று காலையில்தான், "இதை இப்பத்தானே கேட்டே?" என்று அவர் சொல்லப்போய், அவள் குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு அழுதிருந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டார். மூன்றாவது சுற்றுக்குச் சர்க்கரை டப்பாவை அவரே அவள் பக்கம் நகர்த்திவைத்தார்.

அப்புறம் அவளுக்குத் தெரியாமல் கொட்டிவிடலாம் என்றுதான் நினைத்தார். ஆனால் தினமும் கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "நம்ம பீர் ஆயிடுச்சா?" எதையெதையோ மறந்தவள், அதை மட்டும் மறக்கவில்லை. எந்த மனுஷனால் அதைக் கொட்ட முடியும்?

அதனால்தான் பாட்டில்களை நிலவறைக்குக் கொண்டுவந்தார். வெடித்தால் யார் மீதும் தெறிக்கக் கூடாதே என்று கம்பளியைப் போர்த்தினார்.

தோளில் ஒரு கை விழுந்தது.

"சரி, விடு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே," என்றாள் மிலாதா. "அடுத்த தடவை சர்க்கரையை நான் போடறேன்."

"நீயே போடு," என்றார் லுபோர்.