ஆடிக்கு ஒரு தீவு

படகுச் சங்கிலியின் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, படித்துறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள் மலையம்மாள். வந்த நாளிலிருந்து அவளுக்கு இதுதான் வேலை. தீவில் இருப்பதே இந்த ஒரு படகுதான் என்று பங்களா பட்லர் சொல்லியிருந்தான்.

காலில் ஏதோ ஊர்ந்தது. மறுபடியும் அட்டை. சுண்ணாம்பைத் தொட்டு வைத்து உதறினாள். அது போன இடத்துக்கு இன்னொன்று வந்தது.

“என்னடா பங்களா இது? மெத்தையெல்லாம் பூசணம், கூரை ஒழுகுது. சூப்புன்னு ஒண்ணு குடுக்கான், கை கழுவுன தண்ணி கணக்கா இருக்கு. ஆனையக் காணோம்னா, அது இப்ப வராதுங்கான். ஒரு சோடி காளைய வித்து அட்டைக்கு ரத்தம் குடுக்கவா வந்தோம்?”

“எனக்கு ஒண்ணும் கொறையாத் தெரியலம்மா,” என்றான் மகன் ராஜமணி. சலவைச் சட்டையும் படிய வாரிய தலையுமாக நின்றான்.

பெரியாற்று ஏரிக்கு நடுவே வெள்ளைக்காரத் துரை ஒருவன் ஆசையாகக் கட்டி, அலுத்துப்போய்ச் சீமைக்குக் கப்பலேறிய பிறகு வாடகைக்கு வந்த பங்களா அது. பெரிய மனிதர்கள் யானை பார்க்க வருவார்கள். மலையம்மாள் மகனுக்குக் காவல் இருக்க வந்திருந்தாள்.

வைகாசியில்தான் கம்பம் ஊரே மெச்ச அவனுக்குக் கல்யாணம் முடித்திருந்தாள். ஆடி பிறந்ததும் மருமகள் முத்துப்பேச்சியை அவள் அப்பன் கூடலூர் வீரபாண்டி வண்டி கட்டி வந்து அழைத்துப்போய்விட்டார். ஊர் வழக்கம்தானே. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும். சித்திரை அப்பன் தெருவிலே என்பார்கள்.

மற்றவர்கள் இதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். மலையம்மாளால் முடியாது. ராஜமணி சித்திரையில் பிறந்தவன். அவன் தவழத் தொடங்கும் முன்பே அவன் அப்பன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அவன் பிறப்பதற்கு முந்தின ஆடியில் அவள் அண்ணன் அழைக்க வந்தபோது, தலைவலி என்று சுருண்டு படுத்துப் போகாமல் இருந்துகொண்டவள் இதே மலையம்மாள்தான். புருஷனைத் தானே கொன்றுவிட்டதாகத்தான் இன்றுவரை நினைத்திருந்தாள். மகனையும் அப்படிப் பறிகொடுக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் சைக்கிள் மிதிக்கிற தூரம். இளவட்டத்தை எந்தக் கதவைப் போட்டுத் தடுப்பது? அப்போது ராஜமணியேதான் வழி சொன்னான்.

“நடுத்தண்ணியில கொண்டுபோயி வச்சுட்டா ஒனக்குக் கவல இல்லையேம்மா.”

பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆனால் வந்த இடத்தில் நிம்மதி இல்லை. உட்கார்ந்தால் மனசு எழுந்திருக்கச் சொல்லியது, எழுந்தால் படகைப் பார்க்கச் சொல்லியது. சாரல் வேறு விடாமல் தூறியது. துணியை நனைக்குமே தவிர ஏரியை நிரப்பாத சாரல். இரண்டு வேளையும் வருகிற பால்கூடத் தண்ணீர்ப் பால்தான். கறந்த சூடு ஆறாமல் வந்து சேர்வது ஒன்றுதான் ஆறுதல்.

“பின்பக்கமாக் காலாற நடந்துட்டு வாரேம்மா,” என்று குடையை எடுத்தான் ராஜமணி.

“போயிட்டு வா. சுத்தித் தண்ணி, எம்புட்டுத் தூரம் நடந்துருவ?”

பங்களாவுக்குப் பின்னால் ஒரே புதர். அட்டைக்குப் பயந்து அவள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

மற்ற நாளெல்லாம் சாப்பாட்டு நேரத்துக்கு வந்துவிடுகிறவன் அன்று பொழுது சாயத் தொடங்கியும் வரவில்லை. வழுக்கி ஏரியில் விழுந்துவிட்டானோ, ஏதாவது மிருகம் அடித்துவிட்டதோ என்று பயந்துபோனாள். அட்டையாவது மண்ணாவது என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் ஓடினாள்.

புதர் முடிந்த இடத்தில் ஏரி இல்லை. புல் முளைத்த சேற்றுத்தரை அக்கரைக் காடு வரைக்கும் நீண்டு கிடந்தது. நடுவே ஒற்றையடிப் பாதை; அதில் பால்செம்பும் கையுமாக ஒருத்தி வந்துகொண்டிருந்தாள்.

“ஏத்தா, இங்கன இருந்த தண்ணி எங்க?”

“கீழ கம்பத்து வயலுக்குத் தெறந்து விட்டாகல்ல. பெருமழை பேஞ்சாத்தேன் ஆத்தா இது தீவு. நானு தெனமும் இப்பிடித்தேன் நடந்து பால் கொண்டாரேன்,” என்றாள் பால்காரி இருளம்மாள்.

“எம் மகன் இந்தப் பக்கம் வந்தானா? சலவைச் சட்ட போட்டிருப்பான், கையில குடை.”

“அவுக தெனமுந்தேன் வாராக.” இருளம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நாஞ் சொன்னேன்னு சொல்லீராதீக. அந்தா தெரியிற ஏலக்காத் தோட்டத்த எங்க மொதலாளி இந்த வருசந்தேன் குத்தகைக்கு எடுத்திருக்காக. கூடலூரு வீரபாண்டின்னு பேரு. ஆடி பொறந்ததுல இருந்து அவுக மகளும் அங்கனதேன் தங்கியிருக்கு. அதப் பாக்கத்தேன் ஒங்க மகன் போறாக.”

மலையம்மாள் அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

பெற்ற வயிறு பதறுகிறது என்று நினைத்து இருளம்மாள் பக்கத்தில் குந்தி, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க மகனக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க ஆத்தா. அது கல்யாணமான பிள்ள.”