தேவராஜ் வைத்துவிட்டுப் போன காபி

எழுபத்திரண்டில் எனக்கு ஆவடியில் வேலை. ஞாயிறானால் சைக்கிளை எடுத்துக்கொண்டு நல்ல காபி தேடிப் போவேன். சென்னீர்குப்பத்தில் சிக்கரி அதிகம். நசரத்பேட்டையில் பாலைவிடத் தண்ணீர் அதிகம். காபி என்றால் அது நெமிலிச்சேரி கிறிஸ்துதாஸ் கடையில்தான். டிக்காஷன் மணம் ரயில்வே கேட் வரைக்கும் வந்து ஆளை அழைக்கும்.

அந்தக் கடை பெஞ்சின் ஓரத்தில் பாதி குடித்த காபி ஒன்று எப்போதும் இருக்கும். யாரும் கிளாஸை நகர்த்த மாட்டார்கள். முந்தின வருஷம் தேவராஜ் என்பவர் அதைக் குடித்துக்கொண்டிருந்தபோது ரயில் வந்துவிட்டது. "வந்து குடிக்கிறேன்" என்று வைத்துவிட்டு ஓடினார். அவர் திரும்பி வரவில்லை. காபியும் ஆறவில்லை.

அவர் மனைவி கன்னியம்மா தினமும் வந்து கிளாஸைத் தொட்டுப் பார்ப்பாள். "சூடாத்தான் கீதுண்ணா" என்று கிறிஸ்துதாஸிடம் சொல்லிவிட்டு, முகம் தெளிந்து வீட்டுக்குப் போவாள்.

"இன்னா கை அண்ணாத்தே உன்து!" என்று ஒருநாள் கிறிஸ்துதாஸை மெச்சினேன்.

"என் கையில இன்னா கீது நைனா? நான் போடுற மத்த காபியெல்லாம் ஆறிதானே போவுது" என்றார்.

ஒரு ஞாயிறு நான் போனபோது அந்தக் காபியின் மேல் ஆடை படிந்திருந்தது. கன்னியம்மா வந்தாள். குனிந்து வெகுநேரம் பார்த்தாள்.

"அவருக்கு ஆடைன்னா ஆவாது" என்றாள்.

விரலால் ஆடையை வழித்து வெளியே உதறினாள்.

கிளாஸிலிருந்து ஆவி எழுந்தது.