காரில் வராதீர்கள்

“பஸ்ஸைப் பற்றிப் பேச வேண்டியவர் இன்னும் பஸ் ஏறவில்லை போலிருக்கிறது.”

கலாநிதி கபிரியேல் ஒலிவாங்கியில் இப்படிச் சொன்னதும் மண்டபம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே அவருக்குப் பாதி வயிறு நிறைந்துவிட்டது.

கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் சுற்றாடல் மாநாடு. ஏற்பாடெல்லாம் கபிரியேல்தான். ‘ஒருவரும் காரில் வராதீர்கள், புகை விடாதீர்கள்’ என்று பல வாரமாகக் காதில் ஓதிக்கொண்டிருந்தார். சொன்னதைச் செய்தும் காட்டினார். ஹோட்டலில் தங்கியிருந்த பிரமுகர்களை எல்லாம் ஒரே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கினார். வெளிநாட்டுப் பேராசிரியர் ஜன்னலோரம் உட்கார்ந்து கையசைத்த படம் அதற்குள் முகநூலில் ஏறியிருந்தது.

கொஞ்சத் தூரப் பயணந்தான். ஆனாலும் பூமியையே தோளில் சுமந்து வந்த களைப்பு கபிரியேல் முகத்தில்.

வராமல் போனவள் இராஜகுமாரி. கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பெண். ‘தோட்டத்து மக்களும் பொதுப் போக்குவரத்தும்’ என்பது அவள் கட்டுரை. இன்று அதை வாசித்தால்தான் மேற்படிப்புக்கு உதவித்தொகை.

“இதுகளுக்கு எவ்வளவு செஞ்சாலும் இப்படித்தான்” என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்துவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார் கபிரியேல்.

தேநீர் இடைவேளையில் அவள் வந்து நின்றாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. நெஞ்சோடு அணைத்திருந்த கட்டுரை மட்டும் நனையவில்லை.

“மன்னிக்கணும் சேர். பஸ் வரல்ல. கலஹா வரைக்கும் நடந்து, அங்கயிருந்து மரக்கறி லொறியில வந்தேன்.”

“பஸ்ஸக் குறை சொல்லாதீங்க பிள்ள. கடல் தாண்டி வந்தவங்க எல்லாம் இன்னைக்கு பஸ்லதான் வந்தாங்க. ஒருத்தரும் பிந்தல்ல. மனமிருந்தா மார்க்கமிருக்கு.”

“கொஞ்ச நேரம் கொடுத்தாலே போதும் சேர். சுருக்கமா வாசிச்சிடுறேன். இல்லாட்டி உதவித்தொகை போயிரும்.”

“ஒழுங்குன்னா எல்லாருக்கும் ஒழுங்குதான். அடுத்த வருசம் பார்ப்போம்.”

இராஜகுமாரிக்குக் கண் கலங்கியது. கோப்பையோடு நின்ற வெளிநாட்டுப் பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கபிரியேல் அவரிடம் ஆங்கிலத்தில், “நேரத்தின் அருமை தெரியாத பிள்ளை” என்று விளக்கம் சொன்னார். தட்டிலிருந்த பிஸ்கட் ஒன்றையும் எடுத்துக் கடித்தார்.

அந்த நேரம் பார்த்து, திரும்பிப் போவது எப்போது என்று கேட்க பஸ் கொண்டக்டர் ஹபீல் உள்ளே வந்தான். வந்தவன் கேட்க வந்ததை மறந்து, இராஜகுமாரியைப் பார்த்துத் திகைத்து நின்றான்.

“தங்கச்சி, நீங்க எப்படி வந்து சேந்தீங்க? இன்னைக்கு நாங்க மேல தோட்டத்துக்கு வரவே இல்லையே. இந்த சேர்தான் பஸ்ஸ நாள் முழுக்க வாடகைக்குப் பேசிட்டாரு. ஸ்கூல் புள்ளைகளும் ரோட்டுல நிண்டிருக்கும், பாவம்.”

கபிரியேலுக்குப் பிஸ்கட் தொண்டையில் நின்றது.

“இவர் என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் ஆவலோடு கேட்டார் பேராசிரியர்.

“பஸ் தயாராக இருக்கிறதாம்” என்று சிரமப்பட்டு விழுங்கிக்கொண்டு மொழிபெயர்த்தார் கபிரியேல்.

“இல்லை” என்றாள் இராஜகுமாரி, அதே ஆங்கிலத்தில். “நீங்கள் ஏறி வந்தது நான் வரவேண்டிய பஸ் என்கிறார்.”