இருமல் தெரு

முதல் வீட்டு வாசலில் அதிகாரி கால் வைத்ததும் உள்ளே யாரோ இருமினார்கள்.

அடுத்த வீட்டிலும் இருமல். மூன்றாவது வீட்டுக் கதவில் பூட்டு தொங்கியது. பூட்டிய வீட்டுக்குள்ளிருந்தும் இருமல்!

உச்சி வெயில். தெருவில் ஈ காக்கை இல்லை. அவர் நடந்தால் இருமல் கூடவே நடந்தது. நின்றால் நின்றது. சட்டென்று திரும்பிப் பார்த்தார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தன. அந்த வெயிலிலும் அவருக்கு முதுகு சில்லிட்டது.

"என்னம்மா இது?" என்றார், கூட வந்த நர்ஸிடம்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரியின் பையில் அவளுடைய மாற்றல் உத்தரவு இருந்தது. கையெழுத்துதான் பாக்கி. நோய் எங்கே அதிகமோ அங்கே ஆள் என்பது இலாகாவின் திட்டம். இந்தத் தெருவில் ஒரு வருஷமாகக் காசநோய் பூஜ்யம். ஆற்றோரக் குடியிருப்பிலோ மூவாயிரம் பேருக்கு ஒரே நர்ஸ். திட்டத்தில் தப்புச் சொல்ல முடியாது.

சுகாதார நிலையத்தின் ஏழு படி ஏறுவதற்குள் அவருக்கும் இருமல் வந்தது. "ஒரே தூசி" என்று கர்ச்சீப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

உட்கார்ந்ததும் வெடித்தார்.

"நீ சொல்லிக் கொடுத்த நாடகம்தானே? மாற்றலைத் தடுக்க ஒரு தெருவையே நோயாளி ஆக்கிட்டியே!"

"ரெஜிஸ்டரைப் பாருங்க சார்."

புரட்டினார். 'சந்தேகத்துக்குரிய இருமல்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாகப் பூஜ்யம். இன்றைய தேதியிலும் பூஜ்யம்.

"காலையிலதான் எழுதினேன். சொல்லிக் கொடுக்கிறவ இப்படி எழுதுவாளா?"

"அப்புறம் ஏன் இருமறாங்க?"

"பயம் சார். பின் தெருவுல நோயே இல்லேன்னு போன வருஷம் நர்ஸை எடுத்தீங்க. ஒன்பது மாசத்துல அஞ்சு பேர் போயிட்டாங்க. ஆரம்பத்துலயே கண்டுபிடிக்க அங்கே ஆள் இல்லை. அதைப் பார்த்து நடுங்கிப் போனவங்க இவங்க. வேண்டாம்னு நானும் எவ்வளவோ சொன்னேன், கேக்கலை. பூட்டு தொங்கின வீட்டுல பின்பக்கமா நுழைஞ்சு இருமறாங்க."

பின் தெரு உத்தரவில் இருந்ததும் அவர் கையெழுத்துதான். அதிகாரி ரெஜிஸ்டரைத் தள்ளி வைத்தார்.

"ஆத்தோரத்துல நெஜமாவே இருமறாங்கம்மா. அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

உத்தரவை எடுத்து மேஜையில் விரித்தார். பேனாவைத் திறந்தார்.

வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஒவ்வொரு வீடும் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருப்பது போல இருந்தது. அந்த அமைதியில் மறுபடி ஓர் இருமல்.

அவருடையதுதான். இந்தத் தடவை லேசில் நிற்கவில்லை.

நர்ஸ் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"எத்தனை நாளா சார்?"

"எது?"

"இந்த இருமல்."

"மூணு வாரம் இருக்கும். தூசி..."

"சாயங்காலமானா காய்ச்சல் அடிக்குதா?"

அவர் கை தானாக நெற்றிக்குப் போனது. அவருடைய சட்டைக் காலர் கழுத்தைவிட்டுத் தள்ளி, தொளதொளவென்று நின்றது.

"நாலு வருஷமா இருமல் கேட்டுப் பழகின காது சார். பொய் எது, நெஜம் எதுன்னு தெரியும்."

மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தின் மேலேயே வைத்தாள்.

"இதுல சளி எடுத்துக் குடுங்க. இன்னிக்கே பரிசோதனைக்கு அனுப்பிடறேன். பயப்படாதீங்க, சீக்கிரம் கண்டுபிடிச்சா சுத்தமா குணமாயிடும்."

பிறகு ரெஜிஸ்டரைத் தன் பக்கம் திருப்பி, இன்றைய பூஜ்யத்தை அடித்தாள்.

"இந்தத் தெருவுல இன்னிக்கு நெஜமா இருமினது ஒருத்தர்தான். உங்க முழுப் பேர் சொல்லுங்க சார்."