துண்டைப் பிடிக்கிறவர்

"திருடன் வந்தா நான் இருக்கேன்ல. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"ரோஸ்லின் அக்கா கூப்பிட்டாங்க. இலவசம்தானாம்."

"அறுபத்திரண்டு வயசுல குஸ்தி பழகப் போறா."

சொல்லிவிட்டு அவள் புருஷன் சிரித்தார். சிரித்தால் அது சம்மதம். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அந்த அளவுக்குக் கற்றிருந்தாள்.

அது நேற்றுக் காலை, காபி ஆற்றும்போது நடந்தது.

இப்போது ஓய்வூதியர் சங்கத்து மாடியில் அவள் கழுத்தில் ஒரு துண்டு கிடந்தது.

சனிக்கிழமைதோறும் பத்து மணிக்கு அங்கே ஏதாவது ஒரு வகுப்பு. போன வாரம் செல்போனில் ரயில் டிக்கெட் எடுப்பது. அதற்கு முந்தின வாரம் சர்க்கரை நோய் பற்றி ஒரு டாக்டர் வந்து பேசினார். இந்த வாரம் சங்கிலிப் பறிப்பு.

சொல்லிக்கொடுத்தவர் இந்திராணி மேடம். போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இருப்பதை ரவிக்கைக்குள் விட்டுக்கொள்ளச் சொன்னார். சங்கிலிக்குப் பதில் துண்டு.

"பின்னாலிருந்து இழுத்தா முன்னால ஓடாதீங்க. கழுத்துதான் அறுபடும். பின்னால போங்க. அவன் மேலயே சாயுங்க. முழங்கையால விலாவுல ஒண்ணு. திரும்பி, உள்ளங்கையால மூக்குல ஒண்ணு. அப்புறம் ஓடிடுங்க."

ரோஸ்லின் அக்கா துண்டைப் பிடித்து இழுத்தாள்.

அவள் அசையவில்லை.

கண்ணை மூடிக்கொண்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். அப்படியே நின்றாள்.

"ஏம்மா நின்னுட்டீங்க?"

"சும்மா இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும் மேடம்."

யாரோ சிரித்தார்கள். இந்திராணி மேடம் சிரிக்கவில்லை.

ரோஸ்லின் அக்காவும் சிரிக்கவில்லை. அக்கா வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தச் சுவர் வழியே எதெல்லாம் கேட்டிருக்கும் என்று அவள் விசாரித்ததில்லை. அக்காவும் சொன்னதில்லை. எத்தனையோ முறை இவள் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். ஒருநாள் தங்க இடம் கேட்கத்தான் போவாள். கதவு திறந்ததும், உறைமோர் இருக்கா அக்கா என்று வாய் வேறு ஒன்றைக் கேட்டுவிடும். கிண்ணத்தோடு திரும்பி வருவாள்.

கடைசி வரிசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் எழுந்து வந்தார். அவளைத் தனியாக எங்கேயும் அனுப்புகிறவர் இல்லை.

"நான் பிடிக்கிறேன் மேடம். எங்க வீட்டுத் திருடன் நான்தானே."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். சங்கத்தில் அவரைப் பிடிக்காதவர்கள் கிடையாது. டீ வந்தால் முதல் ஆளாக எழுந்து எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பார்.

மற்றவர்கள் துண்டை இரண்டு விரலால் பிடித்தார்கள்.

அவர் ஒரு சுற்றுச் சுற்றினார். முறுக்கினார். கைமுட்டியைப் பிடரியில் ஊன்றினார். எங்கே ஊன்றினால் மூச்சு நிற்கும் என்று அந்தக் கைக்குத் தெரியும்.

"சார் என்னமா நடிக்கிறார்" என்றாள் ஒருத்தி.

அவர் அவள் காதோரம் குனிந்தார்.

"எங்க, அடி பாக்கலாம்."

கண் இருட்டிக்கொண்டு வந்தது. வெளியே சரக்கு வண்டி ஒன்று போய்க்கொண்டிருந்தது. இல்லை, அவள் காதுக்குள்தான் அந்தச் சத்தம்.

பின்னால போங்க.

இத்தனை வருஷமும் அவரிடமிருந்து ஒதுங்கி ஒதுங்கியே பழகின உடம்பு. அது அவர் மேலேயே சாய்ந்தது.

முழங்கை விலாவில் இறங்கியது.

துண்டு தளரவில்லை.

இன்னொன்று. உள்ளே ஏதோ மளுக்கென்றது.

துண்டு தளர்ந்தது.

அதோடு ஓடியிருக்கலாம். அவள் திரும்பினாள். உள்ளங்கை மூக்கில் போய் மோதியது. மறுபடியும். மணிக்கட்டு வரை சூடாக ஏதோ வழிந்தது. மறுபடியும். இரண்டு பேர் தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான், நாற்காலிகளுக்கு நடுவே அவர் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்கச் சிவப்பு.

ஐயோ என்று மனசுக்குள் ஏதாவது எழும் என்று காத்திருந்தாள்.

எதுவும் எழவில்லை.

இந்திராணி மேடம் அவரிடம் ஈரத்துணியைக் கொடுத்தார். மேடத்தின் பார்வை மட்டும், இவள் கழுத்தைச் சுற்றிச் சிவந்துகிடந்த தடத்தை விட்டு நகரவில்லை.

அவள் புருஷன் நாற்காலியைப் பிடித்து எழுந்தார். மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"முதல் மார்க் எங்க வீட்டம்மாவுக்குத்தான்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. கை தட்டினார்கள்.

அவளைத் தாண்டும்போது குரலைத் தாழ்த்தினார்.

"வா. வீட்டுக்குப் போலாம்."

விலாவைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே ஸ்கூட்டர் கிளம்பும் சத்தம். ஒரு ஹாரன்.

பெண்கள் பைகளை எடுத்துக்கொண்டார்கள்.

"போம்மா, சார் காத்துக்கிட்டிருக்கார் பாரு."

இன்னொரு ஹாரன்.

அவள் கால் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. அதற்கு வேறு வழி தெரியாது.

ரோஸ்லின் அக்கா ஜன்னலோரம் நின்று துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். ரத்தக்கறை வெளியே தெரியாதபடி உள்பக்கமாக. மடித்து முடித்ததைப் பிரித்தாள். நிமிராமலே மறுபடி மடித்தாள்.

கீழே ஹாரன் நிற்காமல் அலறியது.

அவள் படிக்கட்டை விட்டு ஜன்னல் பக்கம் நடந்தாள். தொண்டை வலித்தது. குரல் கிழிந்துதான் வந்தது. ஆனாலும் வந்தது.

"அக்கா, இன்னைக்கு உங்க வீட்டுல இருந்துக்கட்டுமா?"